படியேறி வந்த அழுகை

அந்த நாடகக் குழுவில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வயதில் மூத்தவர்கள் உட்பட. எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், கூட்டத்தில் புலம்பும் ஒருத்தி என்று நடித்துவந்தவளுக்கு அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. கதாநாயகியாக நடிப்பவள் அவளைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவளுக்கு மட்டும் மேடம் என்று பெயர். மேடம் நல்லவள்தான், அவளும் இவளை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் கூப்பிடுகிற முறையிலேயே யார் எங்கே நிற்கவேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது பாருங்கள்.

அக்காவுக்கு எல்லாம் வரும். சண்டை போடச் சொன்னால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். சிரிக்கச் சொன்னால் எதிரில் நிற்பவன் வசனத்தை மறந்து சேர்ந்து சிரிப்பான். அழுகை மட்டும் வராது. வீட்டில் அப்படி இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட அவளுக்குக் கண் கலங்கும், பேப்பரில் காணாமல் போன நாய்க்குட்டியின் படம் வந்தால் அன்று முழுக்க மூக்கை உறிஞ்சுவாள். மேடையில் விளக்கு விழுந்ததும் அந்தக் கண் இரண்டும் வெயில்காலத்துத் தெருக்குழாய் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு திருகினாலும் காற்றுதான் வரும்.

இப்போது அழுதே ஆகவேண்டிய கட்டாயம் வந்தது. மேடத்தின் தங்கைக்கு வெளியூரில் பிரசவ நேரம். ஒரு சனி, ஞாயிறு மேடத்தால் வரமுடியாது. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது, ஷோவை நிறுத்தவும் முடியாது. அக்காவே போடட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர், முகத்துக்கு நேரே மட்டும் சார். அன்று அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நடு மேடை. ஆனால் விசில் ஒரு நிபந்தனை போட்டார். மற்றதெல்லாம் அவள் இஷ்டம், சாவிக் காட்சியில் மட்டும் மேடம் எப்படி அழுகிறாளோ அப்படியே இம்மி பிசகாமல் அழவேண்டும். ஜனம் அதைப் பார்க்கத்தான் வருகிறது.

அவர் சொன்னது உண்மைதான். அந்த நாடகம் வீட்டை விற்றுவிட்ட ஒருத்தியின் கதை. கடைசியில் சாமானெல்லாம் போய் ஒரு மேஜை மட்டும் மிஞ்சியிருக்கும். வீட்டை வாங்கியவர் வாசலில் காத்திருப்பார். இவள் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேற வேண்டும், வைக்க முடியாது. ஆரம்பத்தில் மேடம் இந்தக் காட்சியில் எல்லோரும் அழுகிற மாதிரிதான் அழுதுகொண்டிருந்தாள். நாலைந்து மாதம் முன்னால் திடீரென்று புது அழுகை ஒன்று வந்தது. வலது கையில் சாவி இருக்கும். இடது கை மார்புக்குக் கீழே விலாவில் போய் அழுந்தும். உடம்பு மேஜை விளிம்பில் சாயும். வாய் ஒரு தடவை திறக்கும், சத்தம் வராது. அப்புறம் மூச்சு துண்டு துண்டாக உடைந்து வரும், முகமெல்லாம் நனைந்து விளக்கில் மினுக்கும். அரங்கில் ஒருத்தர் இருமமாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். கழுத்துவரை வழிந்த கண்ணீர் என்று ஒருவர் எழுதியிருந்ததை விசில் வெட்டி, ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைத்தார்.

அக்கா முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எந்த விரல் முதலில் விலாவைத் தொடுகிறது, எந்தக் கால் தளர்கிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. கண்ணாடி முன்னால் செய்து பார்த்தால் எல்லாம் இருந்தது, உயிர் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மேடத்திடமே கேட்டாள்.

மேடம் ஒளிக்கவில்லை. மேக்கப் அறை மேடைக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து மேலே வர ஒடுக்கமான இரும்புப் படி. "அது பெரிய வித்தை ஒண்ணும் இல்லக்கா," என்றாள் மேடம். "அந்த சீனுக்கு முன்னாடி கீழ போய்ட்டு, படியில ஓடி வருவேன். ஓடி வந்தா உள்ள ஒரு பிடி பிடிக்கும். அதை அப்படியே வெச்சுக்கிட்டு அழுதுடுவேன். நிதானமா ஏறி வந்தா வரமாட்டேங்குது."

எல்லாம் வாயுத் தொல்லை என்று சொல்லிச் சிரித்து, பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். வாயுவைக்கூட வீணாக்காமல் நடிப்பாக்கிவிட்டாளே என்று அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. மறுநாள் ஒத்திகைக்கு முன்னால் அவளும் அந்தப் படியில் தடதடவென்று ஓடி ஏறினாள். மூச்சு வாங்கியதே தவிர ஒரு பிடியும் பிடிக்கவில்லை. பஸ் போயிடுச்சாக்கா என்று விளக்குப் போடுகிறவர் மேலேயிருந்து கேட்டார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் மேடை. அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், பேச்சு குறைவு. அவளுடைய எல்லா நாடகத்துக்கும் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு என்ற ஒரே விமர்சனத்தைச் சொல்லிவந்தவர். அன்று அவர் குளியலறையில் ஒழுகுகிற குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுச் சாவியைக் கையில் எடுத்து, மேடத்தை மனதில் நிறுத்தி, முதல் விரலிலிருந்து கடைசி மூச்சுவரை ஒன்று விடாமல் செய்தாள். அன்றைக்குத்தான் எல்லாம் கூடி வந்தது போல அவளுக்கே இருந்தது. உள்ளே ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவர் ஈரக்கையோடு ஓடிவந்து அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டார்.

"எங்க வலிக்குது?"

அக்காவுக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. அழுகிறேன், இதுதான் அந்த அழுகை, இத்தனை நாளாக இதற்குத்தான் உயிரை விடுகிறேன் என்று எரிந்து விழுந்தாள். அவர் சங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அழுதா, ஏன் அழறேன்னுதான் கேட்டிருப்பேன். எனக்கு அப்படித் தோணல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். அக்கா நடிகை, அவளுக்குப் புரிந்தது வேறு. தான் எடுத்த நகலில் ஏதோ கோளாறு, மேடம் செய்தால் அழுகையாகத் தெரிவது தான் செய்தால் வலியாகத் தெரிகிறது, எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டினாள். விட்டுப்போனதைப் பிடிக்க அடுத்த ஷோவில் மறுபடி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவள் செய்தது அத்தனையும் மேடம் செய்தாள், அதே வரிசையில். ஆனால் அன்றைக்கு அக்கா கையையும் காலையும் விட்டுவிட்டு ஈரத்தைப் பார்த்தாள். அது கண்ணிலிருந்து வரவில்லை. நெற்றியில் முளைத்து, புருவத்தைத் தாண்டி, மேலுதட்டில் துளித்துளியாக நின்று, அப்புறம்தான் கழுத்துக்கு இறங்கியது. கண் காய்ந்து கிடந்தது. கன்னத்தில் மேக்கப் இருந்ததால் நிறம் தெரியவில்லை. மேக்கப் படாத காது மடல் காகிதமாக வெளுத்திருந்தது. அரங்கு முழுக்கக் கைதட்டியது. அக்கா தட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஷோ முடிந்து பஸ் பிடிக்க எல்லோரும் நடைமேம்பாலத்தில் ஏறினார்கள். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். மேடம் தோளில் பையோடு தனியே போய்க்கொண்டிருந்தாள், அக்கா பத்தடி பின்னால். பாதிப் படியில் மேடம் நின்றாள். இடது கை விலாவுக்குப் போயிற்று. உடம்பு கம்பியில் சாய்ந்தது. வாய் ஒரு தடவை திறந்தது, சத்தம் வரவில்லை. அங்கே விளக்கும் இல்லை, சாவியும் இல்லை, பார்க்க ஒரு ஜனமும் இல்லை. மேடம் நிமிர்ந்து, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போல மேலே ஏறிப் போனாள்.

அந்த இடத்தில் அக்காவுக்கு வந்த எண்ணத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஐயோ என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பின்னாலேயே, இனிமேல் இரண்டு ஷோ இல்லை, எல்லா ஷோவும் எனக்குத்தான் என்றும் தோன்றியது. கூப்பிடாமல் வந்த எண்ணம்தான். வந்தபிறகு அதை யார் கூப்பிட்டார்கள் என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் மேடத்துக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மேக்கப் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். இது வாயு இல்லை, நெஞ்சைப் பிடிக்கிற சமாச்சாரம், இன்றைக்கே டாக்டரிடம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றாள். மேடம் முதலில் சிரித்துத் தள்ளினாள். அக்கா விடாமல் பேசவும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"போய்? மருந்து குடுத்து இது நின்னு போச்சுன்னா நான் எதை வெச்சுக்கா அழறது? இத்தனை வருஷம் நடிச்சேன், எவனும் ஒரு வரி எழுதல. இது வந்தப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்க்கறாங்க."

அப்படியென்றால் சாரிடம் சொல்லிவிடுவேன் என்று அக்காவுக்கு வாய் தவறி வந்துவிட்டது. மேடம் கண்ணாடியில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தாள், திரும்பி நேரில் பார்க்கவில்லை.

"ரெண்டு ஷோ போதலையாக்கா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய்க்குற்றச்சாட்டாக இருந்திருந்தால் அக்கா அங்கேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். பாலத்தில் வந்த எண்ணம் ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே வெளியே வந்தாள். விசிலிடம் போகவும் முடியவில்லை. போனால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்கே வசனம் வசனமாகத் தெரியும். குழுவில் யாராவது இதே மாதிரி செய்திருந்தால் அவளும் அப்படித்தான் பேசியிருப்பாள்.

அதற்கப்புறம் மேடம் அவளோடு தேநீர் குடிக்க வருவதை நிறுத்திவிட்டாள். ஆனாலும் மேக்கப் அறையிலும் இரும்புப் படியிலும் அக்கா ஓரமாக நின்று அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். அக்கா ஒவ்வொரு ஷோவிலும் முன்வரிசையில் உட்கார்ந்தாள், நடிப்பைப் பார்க்க அல்ல. கீழே இரும்புப் படியில் தடதடவென்று காலடி கேட்கும்போதெல்லாம் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேடம் நிமிர்ந்துவிடவேண்டுமே என்று வேண்டிக்கொள்வாள். மேடம் நிமிர்ந்து சாவியை வைத்துவிட்டுப் போவாள், ஜனம் தட்டும். தட்டத் தட்ட இவளுக்குக் கோபம் வந்தது. ஒருத்தி சாகப்பார்க்கிறாள், அதற்குத் தட்டுகிறார்களே என்று பக்கத்து சீட்டுக்காரரை முறைத்தாள். அவர் பாவம், உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவுக்காக முழு ஒத்திகை. மறுநாள் காலையில் மேடம் தங்கை ஊருக்குக் கிளம்புகிறாள், வரத் தேவையில்லை. ஆனாலும் வந்தாள். மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தன் சொத்து எவ்வளவு திருடுபோயிருக்கிறது என்று பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது. அவளைப் பார்த்ததும், என்ன செய்யவேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொல்லித்தான் நம்பவில்லை. வாய் எப்போதுமே அக்காவின் பலம் இல்லை, வசனம் கொடுத்தால்தானே பேசிப் பழக்கம்?

சாவிக் காட்சி வந்தது. அக்கா மேடத்தின் அழுகையை அழுதாள். விரல், விலா, மேஜை, சத்தமில்லாமல் திறந்த வாய், உடைந்த மூச்சு. விளக்குக்காரர் மேலேயிருந்து அடேயப்பா என்றார். விசில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இத்தோடு சாவியை வைத்துவிட்டு அவள் வெளியேற வேண்டும். வெளியேறவில்லை. சாவியை வைத்துவிட்டு மேடைப் படியில் கீழே இறங்கி, மறுபடி ஏறி, பாதியில் நின்றாள். அதே கை விலாவுக்குப் போயிற்று, வாய் அதே மாதிரி திறந்தது.

"இது நேத்து, கீழ இரும்புப் படியில."

நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டக் குனிந்தாள். பாதிக் குனிவில் கை விலாவைப் பிடித்தது.

"இது மேக்கப் ரூம்ல."

விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் ஊதாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா தோளில் இல்லாத ஒரு பையை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து, இல்லாத ஒரு கம்பியில் சாய்ந்தாள். நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

"இது பாலத்துல. அங்க வீடும் இல்ல, சாவியும் இல்ல. அங்க நீ எதுக்கு அழுத?"

கத்துவதற்காகத்தான் மேடம் எழுந்தாள், அது அவள் எழுந்த வேகத்திலேயே தெரிந்தது. எழுந்தவள் கத்தவில்லை. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கிற வாய்ப்பு எந்த நடிகைக்கும் கிடைப்பதில்லை, உள்ளேயிருந்து பார்த்துக்கொள்வதோடு சரி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் இப்படியா இருக்கேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே இடது கை விலாவுக்குப் போயிற்று. அரங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து மாதமாக அதைப் பார்த்து மெய்ம்மறந்தவர்கள்தான். அன்றைக்கு ஒருவருக்கும் அது அழுகையாகத் தெரியவில்லை.

சாமான் ஏற்றுகிற வேனிலேயே மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதய இரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு, இத்தனை நாள் தாங்கியதே பெரிது, படியில் ஓடினாளா என்று டாக்டர் விசிலைப் பிடித்துத் திட்டினார். அன்று மாலையே அடைப்பை நீக்கினார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் பல மாதத்துக்கு மேடை கிடையாது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். காலையில் ஒரு நிமிஷம் பார்க்கவிட்டார்கள். மேடம் களைத்த கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"எல்லா ஷோவும் கிடைச்சிடுச்சுல்ல?"

கேலியாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா, இல்லை சந்தோஷமாக இரு என்றுதான் சொன்னாளா, அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே வரியைப் பத்து விதமாகச் சொல்லத் தெரிந்தவள் அவள். மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள்.

சனிக்கிழமை சாயங்கால ஷோவுக்கு முன்னால் விசில் வந்து, மேடத்தின் அழுகையையே போட்டுவிடு, ஜனத்துக்கு என்ன தெரியப்போகிறது என்றார். மாட்டேன் என்றாள் அக்கா. அவரிடம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு எதை வைத்து அழுவாய் என்று கேட்டார். தெரியாது என்றாள். உண்மையிலேயே தெரியாது.

மேஜை மட்டும் மிஞ்சியது. வீட்டை வாங்கியவராக நடிப்பவர் வாசலில் போய் நின்றுகொண்டார். மற்ற விளக்கெல்லாம் அணைந்து ஒன்று மட்டும் அவள்மேல் இறங்கியது. சாவிக்கொத்து கையில் கனத்தது. இடது கை பழக்கத்தில் தானாக எழுந்தது, அதைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. எதிரே இருட்டில் அத்தனை பேர் மூச்சுவிடாமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. இதற்காகத்தானே இத்தனை வருஷம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மார்புக்குள் என்னவோ நிறைந்தது. அது என்னவென்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அழுதாள். அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது, உதடு கோணிக்கொண்டது. பால் பொங்கி வழிந்தால் அழுகிற அதே வீட்டு அழுகை, ஆனால் நிற்கவில்லை. சாவியை வைக்கவேண்டும் என்பதே மறந்துபோய், வாசலில் நின்றவர் வசனத்தில் இல்லாத ஒரு 'அம்மா'வைப் போட்டு இரண்டு தடவை கூப்பிடவேண்டியிருந்தது. கைதட்டல் வந்தது. மேடத்துக்கு வருகிற அளவு இல்லை.

வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமான நல்லா இருக்கு வரவில்லை.

"ஏன் அழுத?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையில் உயிரை விட்டாள். எந்த நடிகைக்கும் இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கிடையாது. அக்கா ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள், முகம் கொஞ்சமாவது மறையட்டும் என்று.

"அங்க நின்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க," என்றாள். "அதான்."

அவர் வண்டியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவா, வீட்டுக்குப் போகவா என்று முக்கில் நிறுத்திக் கேட்டபோது, அக்கா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டு தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள்.